அலங்கரிப்பாளரும் வடிவமைப்பாளரும்: அமெரிக்காவில் உள்ளக வடிவமைப்பு வல்லுநர் தொழிலான வரலாறு (1877–2020)

ஆய்வுச் சுருக்கம்

வீட்டின் உட்புறத்தை ஒழுங்கமைக்கும் வேலை, ஊதியம் பெறும் தனித்தொழிலாக அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. அதைத் தொழிலாக்கியதில் முதன்மையான பங்கு பெண்களுடையது. 20ஆம் நூற்றாண்டில் அத்தொழில் ‘அலங்காரம்’ என்ற பெயரைக் கைவிட்டு ‘வடிவமைப்பு’ என்ற பெயரை ஏற்றது. பின்னர்ப் பொதுமக்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சட்ட உரிமத்தை நாடியது. பெயர் மாற்றத்தின் வழியே தொழில் பெற்ற மதிப்பையும், அதற்காக அது மறைக்க முயன்ற தன் முன்வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமச் சட்டங்கள் நீதிமன்றத்தில் தோற்றதற்கு, தொழில் தன் இரு பகுதிகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாமல் ஒரே உரிமையாகக் கோரியதே காரணம் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: உள்ளக வடிவமைப்பு, உள் அலங்காரம், பெண்கள் தொழில், தொழில் உரிமம், தீப்பாதுகாப்பு, கேண்டஸ் வீலர்.

1. முன்னுரை

தமிழில் இன்று ஒரே வேலைக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ‘உள் அலங்காரம்’ என்பது ஒன்று. ‘உள்ளக வடிவமைப்பு’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பொருளுடையவை என்று கருதி மாற்றி மாற்றி எழுதுவோர் உண்டு. ஆயினும் இவை இரு வேறு ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கங்கள். அவ்விரு சொற்களுக்கு இடையே அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வழக்கு நடந்தது. அவ்வழக்கு இறுதியில் நீதிமன்றப் படியையும் ஏறியது. யார் இவ்வேலையைச் செய்து பிழைக்கலாம், யார் செய்யக்கூடாது என்பதே அங்கே எழுந்த வினா.

ஒரு வேலை வல்லுநர் தொழிலாக மதிக்கப்படுவதற்கு நான்கு அடையாளங்களை இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது. முதலாவது, முறையான பயிற்சி. இரண்டாவது, பொருள் விற்பனையைச் சாராத ஊதியம். மூன்றாவது, தம்மைத் தாமே நெறிப்படுத்தும் சங்கம். நான்காவது, சட்டத்தின் ஏற்பு. மருத்துவமும் வழக்கறிஞர் தொழிலும் கட்டடக்கலையும் இந்நான்கையும் பெற்றவை. உள்ளக வடிவமைப்பு முதல் மூன்றை ஓரளவு பெற்றது. நான்காவதைப் பெற்று, பின் பெரும்பகுதியை இழந்தது. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை அத்தொழிலின் தொடக்கத்திலேயே தேட வேண்டும்.

2. தொழில் பிரிவதற்கு முன்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீட்டின் உட்புறத்தை அமைத்தவர்கள் இரு வகையினர். ராபர்ட் ஆடம் போன்ற கட்டடக் கலைஞர்கள் சுவர், கூரை, தரை, அறைகலன் ஆகிய அனைத்தையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தனர். ஆனால் அவர்களை அமர்த்தும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. மற்றவர்களுக்கு அவ்வேலையைச் செய்து தந்தவர்கள் மெத்தைத் தொழிலாளர் என்று தொடங்கி வணிகர்களாக வளர்ந்தவர்கள். கட்டில், திரைச்சீலை, சுவர்த்தாள், கம்பளம் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அனைத்தையும் அவர்கள் வழங்கினர். இறுதிச் சடங்குக்குரிய துணிகளையும் அவர்களே ஏற்பாடு செய்தனர். தாமஸ் சிப்பண்டேல் 1754இல் வெளியிட்ட அறைகலன் மாதிரிப் புத்தகம் இவ்வணிக உலகில் பிறந்தது.

இவர்களுடைய ஆலோசனைக்குத் தனி விலை இல்லை. பொருளின் விலையில் அது அடங்கியிருந்தது. இந்தப் பழக்கம் பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளிலும் தொழிலை விட்டு நீங்கவில்லை என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். ‘உள் அலங்காரம்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடர் 1807இல் தாமஸ் ஹோப் எழுதிய நூலின் தலைப்பில் இடம்பெற்றது. ஹோப் செல்வக் குடும்பத்தில் பிறந்த கலைப்பொருள் சேகரிப்பாளர். அலங்காரத்தால் பிழைத்தவர் அல்லர். சொல் தோன்றிவிட்டது, அச்சொல்லால் அழைக்கப்பட வேண்டிய தொழிலர் இன்னும் தோன்றவில்லை.

அத்தொழிலர் முதலில் லண்டனில் பெண்களாகத் தோன்றினர். ஆக்னஸ் காரெட்டும் அவருடைய உறவினர் ரோடா காரெட்டும் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பயிற்சி பெற்று, 1870களின் நடுவில் தம் பெயரில் அலங்கார நிறுவனம் தொடங்கினர். 1876இல் வீட்டு அலங்காரம் பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டனர். பெண் மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சனும் பெண் வாக்குரிமைத் தலைவர் மில்லிசென்ட் ஃபாசெட்டும் ஆக்னஸின் உடன்பிறந்தவர்கள். மருத்துவம், அரசியல், அலங்காரம் ஆகிய மூன்றும் அக்குடும்பத்துப் பெண்களுக்கு ஒரே போராட்டத்தின் மூன்று துறைகளாக அமைந்தன என்பது தற்செயல் அன்று.

3. கேண்டஸ் வீலர்: தேவையிலிருந்து பிறந்த தொழில்

அமெரிக்காவில் இத்தொழிலின் தொடக்கம் கேண்டஸ் வீலர் (1827–1923) என்பவரோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1876இல் பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில், லண்டன் அரசப் பூத்தையல் பள்ளியின் படைப்புகளை அவர் கண்டார். பெண்களின் கைவேலை விலைபோகக்கூடிய கலையாக அங்கே வைக்கப்பட்டிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், கணவனையோ தந்தையையோ இழந்த நடுத்தரக் குடும்பப் பெண்கள் பலர் வருவாய்க்கு வழியின்றி இருந்தனர். வெளியே வேலைக்குச் செல்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. 1877இல் நியூயார்க்கில் அலங்காரக் கலைச் சங்கத்தை வீலர் நிறுவியதன் நோக்கம், இத்தகைய பெண்களின் கைத்திறனைச் சந்தைக்குக் கொண்டுவருவதே.

அச்சங்கம் தரமான கலைப்படைப்புகளை மட்டுமே ஏற்றது. கலைத்தேர்ச்சி இல்லாத, ஆனால் பசித்திருந்த பெண்களுக்கு அங்கே இடமில்லை. இக்குறையை உணர்ந்த வீலர், 1878இல் பெண்கள் தாம் செய்த எப்பொருளையும் விற்கத்தக்க மற்றொரு விற்பனை அமைப்பைத் தோற்றுவிப்பதில் பங்கேற்றார். தரத்தைக் காப்பதா, பிழைப்பைக் காப்பதா என்ற இந்த முரண், பின்னர் உரிமச் சட்ட விவாதத்திலும் அதே வடிவில் தோன்றப்போவது.

1879இல் வீலர், லூயி கம்ஃபர்ட் டிஃபனி, சாமுவேல் கோல்மன், லாக்வுட் டி ஃபாரஸ்ட் ஆகியோரோடு இணைந்து அலங்கார நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். துணியும் பூத்தையலும் அவர் பொறுப்பு. ஹார்ட்ஃபர்டில் உள்ள மார்க் ட்வைனின் வீட்டையும், 1882இல் அதிபர் செஸ்டர் ஆர்தருக்காக வெள்ளை மாளிகையின் அறைகளையும் அக்குழுவினர் அலங்கரித்தனர். 1883இல் வீலர் பிரிந்து, ‘அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்ற பெயரைத் தாமே ஏற்று, பெண்களைக் கொண்ட நிறுவனமாக அதை நடத்தினார். 1907 வரை அது இயங்கியது.

இங்கு இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. டி ஃபாரஸ்ட் 1881இல் அகமதாபாத்துக்கு வந்து, மகன்பாய் ஹதீசிங் என்ற வணிகரோடு சேர்ந்து மரச்சிற்பப் பட்டறை ஒன்றை ஏற்படுத்தினார். அங்குச் செதுக்கப்பட்ட தேக்குப் பலகைகள் அமெரிக்கச் செல்வர் வீடுகளின் சுவர்களை அடைந்தன. வீட்டை அலங்கரித்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. செதுக்கிய தச்சர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு நிற்கவில்லை. ஒரு வேலை வல்லுநர் தொழிலாக உயரும்போது, சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர் என்ற பிரிவும் உடன் எழுகிறது. பெண்களுக்கு வழிதிறந்த இத்தொழிலும் அதற்கு விலக்கன்று.

1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியின் பெண்கள் கட்டடத்தை வடிவமைத்தவர் சோஃபியா ஹேடன் என்ற இளம் கட்டடக் கலைஞர். அதன் நூலக அறையை அலங்கரித்தவர் வீலர். இரு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், ‘தி அவுட்லுக்’ இதழில் உள் அலங்காரத்தைப் பெண்களுக்குரிய வல்லுநர் தொழிலாக முன்வைத்துக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரையின் சிறப்பு, இத்தொழில் பெண்களுக்கு இயல்பாகவே வந்துவிடும் என்ற எண்ணத்தோடு நின்றுவிடாமையே. இல்லறப் பழக்கமும் ரசனையும் போதுமானவை அல்ல. நிறம், துணி, கட்டட அமைப்பு ஆகியவற்றில் பயிற்சி வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நாம் வகுத்த நான்கு அடையாளங்களில் முதலாவதை அவர் அன்றே கோரினார்.

4. எல்சி டி வுல்ஃப்: ரசனைக்கு விலை

வீலரின் வழி கைத்திறனின் வழி. அடுத்த தலைமுறையில் எல்சி டி வுல்ஃப் காட்டிய வழி வேறு. அவர் நடிகையாக இருந்தவர். எலிசபெத் மார்பரி என்ற தோழியோடு நியூயார்க்கில் தாம் வாழ்ந்த வீட்டை 1890களின் இறுதியில் அவர் மாற்றியமைத்தார். கனத்த திரைகளும் இருண்ட நிறங்களும் நெருக்கமாகக் குவிந்த பொருள்களும் அகன்றன. வெளிர் வண்ணமும் கண்ணாடியும் வெளிச்சமும் வந்தன. அங்கு வந்துபோன விருந்தினர்களே அவருடைய முதல் விளம்பரம்.

1905இல், நியூயார்க்கில் பெண்களுக்கென எழுந்த காலனி கிளப்பின் உட்புறப் பணி அவருக்குக் கிடைத்தது. கட்டடத்தை வடிவமைத்த ஸ்டான்ஃபர்ட் ஒயிட் அவரைப் பரிந்துரைத்தார். 1907இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் தோட்டத்துக் கொடிப்பந்தல் போன்ற மரச்சட்டங்களால் அமைந்த அறையும், எங்கும் பயன்பட்ட சீட்டித் துணியும் பெரும் பேச்சாயின. சீட்டித் துணி அவருடைய அடைமொழியாகவே ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியத் துறைகளிலிருந்து ஐரோப்பா சென்ற வண்ணப் பருத்தித் துணியே சீட்டி. அங்கே அதைப் பின்பற்றி நெய்து அச்சிட்டனர். நாளடைவில் அது நாட்டுப்புற வீடுகளின் எளிய துணியாக மாறியது. அந்த எளிமையை நகரச் செல்வரின் கூடத்துக்குக் கொண்டுவந்தது டி வுல்ஃபின் துணிவு.

டி வுல்ஃபின் முக்கியத்துவம் பாணியில் மட்டும் இல்லை. ஊதிய முறையில் அது மேலும் தெளிவாகத் தெரிகிறது. தொழிலதிபர் ஹென்றி கிளே ஃப்ரிக்கின் நியூயார்க் மாளிகையில் குடும்பத்தினருக்குரிய மேல்தள அறைகளை அவர் அமைத்தபோது, வாங்கும் பொருள்களின் விலையில் 10 விழுக்காடு அவருக்குரியதாக ஏற்பாடாயிற்று. ரசனை விலைபோயிற்று. ஆனால் அந்த விலை, வாங்கப்பட்ட பொருளோடு கட்டப்பட்டிருந்தது. அதிகம் வாங்கினால் அதிக வருவாய் என்னும் முறையில், வாடிக்கையாளரின் நலனும் ஆலோசகரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மருந்து விற்பனையில் பங்குபெறும் மருத்துவரை நாம் ஐயுறுவது போன்றதே இது. கட்டடக் கலைஞரும் விழுக்காட்டுக் கணக்கில் ஊதியம் பெற்றவரே. ஆனால் அவர் செங்கல் விற்பதில்லை.

1913இல் டி வுல்ஃபின் பெயரில் வந்த ‘தி ஹவுஸ் இன் குட் டேஸ்ட்’ என்ற நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. அதற்குப் பின்னணியில் எழுத்துப் பணி செய்தவர் ரூபி ராஸ் உட். அதே ஆண்டில் நான்சி மக்லெலண்ட், வானமேக்கர் பல்பொருள் அங்காடியில் பழம்பொருளும் அலங்கார ஆலோசனையும் வழங்கும் பிரிவைத் தொடங்கினார். பின்னர் உட் அதற்குத் தலைமை ஏற்றார். இவ்வாறு அலங்கரிப்பாளர் கடையினுள்ளேயே அமர்ந்தார். நடுத்தர மக்களுக்கு ஆலோசனை எட்டியது. அதே வேளையில், ஆலோசனை விற்பனையின் ஒரு பகுதி என்ற கருத்தும் வலுப்பெற்றது.

5. பள்ளியும் சங்கமும்

பயிற்சிக்கான நிறுவனங்கள் இதே காலத்தில் தோன்றின. வில்லியம் மெரிட் சேஸ் 1896இல் தொடங்கிய ஓவியப் பள்ளியில் 1904இல் சேர்ந்த ஃபிராங்க் ஆல்வா பார்சன்ஸ், அதைப் பயன்கலைப் பள்ளியாக மாற்றி உள் அலங்காரத்தைப் பாடமாக்கினார். இன்றைய பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளி அதுவே. 1916இல் ஷெரில் விட்டன் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய பள்ளி, பின்னாளில் நியூயார்க் உள்ளக வடிவமைப்புப் பள்ளி என்று பெயர் பெற்றது. அஞ்சல்வழிப் பாடத்தின் மூலம், நியூயார்க்குக்கு வர இயலாதவர்களும் கற்க அது வழிசெய்தது.

தேசிய அளவிலான சங்கம் தோன்றிய சூழல் கருதத்தக்கது. பெருமந்தத்தின்போது அறைகலன் விற்பனை சரிந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் அறைகலன் உற்பத்தியின் தலைநகராக விளங்கியது. 1931இல் அங்கே கூடிய அலங்கரிப்பாளர் மாநாட்டில் அமெரிக்க உள் அலங்கரிப்பாளர் கழகம் உருவாயிற்று. அம்மாநாட்டுக்கு ஊக்கமளித்தவர்கள் அறைகலன் உற்பத்தியாளர்கள். கட்டடக் கலைஞர்களின் கழகம் 1857இலேயே தோன்றிவிட்டது. அவர்களுக்கு உரிமம் வழங்கும் முதல் சட்டத்தை 1897இல் இல்லினாய் மாநிலம் இயற்றியது. அவர்களோடு ஒப்பிட, அலங்கரிப்பாளர்கள் எழுபத்து நான்கு ஆண்டுகள் பிந்தியவர்கள். அதுவும் விற்பனையாளரின் ஆதரவோடு கூடியவர்கள்.

இக்கழகத்தின் முதல் தலைவர் ஆண். பெண்கள் தொடங்கி வளர்த்த தொழிலில், கழகத் தலைமை ஒரு பெண்ணிடம் வருவதற்கு 1940களில் நான்சி மக்லெலண்ட் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

6. பெயர் மாற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலையின் களம் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நகர்ந்தது. பெருநிறுவனங்கள் பல்லாயிரம் சதுர அடிப் பரப்பில் ஊழியரை அமர்த்தின. அங்கே எழுந்த வினா எந்தத் திரைச்சீலை அழகு என்பதன்று; யார் யாருக்கு அருகில் அமர வேண்டும், கோப்பு எங்கிருந்து எங்குச் செல்கிறது, வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பனவே.

இம்மாற்றத்தின் தலையாய பெயர் புளோரன்ஸ் நோல் (1917–2019). கிரான்புரூக்கிலும் லண்டனிலும் பயின்று, சிகாகோவில் மீஸ் வான் டெர் ரோவிடம் கட்டடக்கலை கற்றவர் அவர். 1940களில் நோல் நிறுவனத்துக்குள் அவர் அமைத்த திட்டமிடல் பிரிவு, வாடிக்கையாளரின் வேலைமுறையை முதலில் ஆராய்ந்து, பின்னரே இடத்தைப் பகுத்தது. தளப்படத்தின் மீது மாதிரித் துணித்துண்டுகளையும் மரத்துண்டுகளையும் ஒட்டிக் காட்டும் முறையை அவர் கையாண்டார். 1957இல் முடிந்த கனெக்டிகட் ஜெனரல் காப்பீட்டு நிறுவனத் தலைமையகமும், 1960களின் நடுவில் முடிந்த சி.பி.எஸ். தலைமையகமும் அவருடைய புகழ்பெற்ற உட்புறப் பணிகள். தம்மை அலங்கரிப்பாளர் என்று அழைப்பதை அவர் வெளிப்படையாக மறுத்தார்.

மறுப்புக்குக் காரணம் இருந்தது. ‘அலங்கரிப்பாளர்’ என்ற சொல்லில் வீடு, பெண், ஆடம்பரம் ஆகிய மூன்றும் ஒட்டியிருந்தன. பெருநிறுவன நிர்வாகக் குழுவின் முன் நிற்க வேண்டிய ஒரு பெண், அச்சொல்லைச் சுமந்து நின்றால் அவருடைய திட்டம் ரசனையாகச் சுருங்கும். எனவே பெயர் மாற்றத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிட இயலாது.

ஏடுகளும் சங்கங்களும் இதே திசையில் சென்றன. 1888இல் மெத்தைத் தொழிலாளரைக் குறிக்கும் பெயரோடு தொடங்கிய தொழில் இதழ், 1940இல் ‘இன்டீரியர்ஸ்’ என்ற பெயரை எட்டியபோது ‘அலங்காரம்’ என்ற சொல்லையும் கடந்திருந்தது. 1931இன் கழகம் 1936இல் அலங்கரிப்பாளர் கழகம் என்று சுருங்கி, 1961இல் உள்ளக வடிவமைப்பாளர் கழகம் ஆயிற்று. 1957இல் தோன்றிய மற்றொரு சங்கம் தொடக்கத்திலேயே வடிவமைப்பாளர் என்ற பெயரை ஏற்றது. 1975இல் இரண்டும் இணைந்து அமெரிக்க உள்ளக வடிவமைப்பாளர் சங்கம் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் தகுதித் தேர்வு நடத்தும் தேசியக் குழு தனி அமைப்பாகப் பதிவு பெற்றிருந்தது.

பெயர் மாற்றம் மதிப்பைத் தந்தது. ஒன்றைப் பறித்தும் கொண்டது. வீட்டு வேலை செய்த அலங்கரிப்பாளர்கள் தொழிலின் முன்னோடிகள் என்ற நிலையிலிருந்து, தொழில் விலகி நிற்க விரும்பும் ‘மற்றவர்கள்’ ஆயினர். பயிற்சி வேண்டும் என்று 1895இல் வாதிட்ட வீலரும் அந்த ‘மற்றவர்’ வரிசையிலேயே சேர்ந்தார்.

7. தீயும் சட்டமும்

சட்ட ஏற்பைப் பெற அழகு உதவாது. அமெரிக்க மாநிலம் ஒரு தொழிலுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்க வேண்டுமானால், பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு ஆகியவற்றோடு அத்தொழிலுக்குத் தொடர்பு இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் முன்வைத்த வலுவான சான்று தீ.

இச்சான்று கற்பனையன்று. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் கோகனட் குரோவ் இரவு விடுதியில் பற்றிய தீயில் 492 பேர் இறந்தனர். செயற்கைத் தென்னைகளும் கூரையில் கட்டிய துணியும் சுவரில் போர்த்திய செயற்கைத் தோலும் அங்கே இருந்தன; சுழல்கதவு அடைபட்டது; வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன. 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதித் தீயில் 85 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தீயைக் காணாத மேல்தளங்களில் புகையால் இறந்தவர்கள். சூதாட்டக் கூடத்தின் உட்பொருள்களும் பூச்சுகளும் அப்புகைக்கு எரிபொருளாயின. உட்புறப் பொருளைத் தேர்வு செய்யும் கை, உயிரையும் தேர்வு செய்கிறது என்ற வாதத்தை இவ்விபத்துகள் மறுக்க இயலாததாக்கின.

இத்தகைய அறிவு அளவைக்கு உட்பட்டது. 1940களில் ஸ்டைனர் உருவாக்கிய சுரங்கச் சோதனையில், ஏறத்தாழ 7.6 மீட்டர் நீளமுள்ள கூண்டில் மாதிரிப் பொருளைப் பொருத்தி ஒரு முனையில் தீ மூட்டுவர். தீ பரவும் வேகத்துக்கு ஓர் எண் தரப்படும். எரியாத சிமெண்ட் பலகைக்கு 0. சிவப்பு ஓக் மரத்துக்கு 100. 25 வரை பெறும் பொருள் முதல் வகுப்பு. 75 வரை இரண்டாவது. 200 வரை மூன்றாவது. வெளியேறும் வழியில் எந்த வகுப்புப் பொருள் இருக்கலாம், அறையினுள் எது இருக்கலாம் என்று கட்டட விதிகள் வரையறுக்கின்றன. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் கதவின் அகலம், திரும்பும் இடம், மேசை உயரம் ஆகியவற்றையும் இவ்வரையறைக்குள் கொண்டுவந்தது. இவற்றை அறிந்தவரை ரசனையாளர் என்று மட்டும் சொல்ல முடியாது.

1982இல் அலபாமா மாநிலம் நாட்டிலேயே முதன்முறையாக உள்ளக வடிவமைப்பாளர் என்ற பட்டப்பெயரைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. பெயர்ப் பாதுகாப்பு வேறு, தொழில் உரிமம் வேறு. முன்னதில், தகுதியற்றவர் அப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, வேலையைச் செய்யலாம். பின்னதில், வேலையையே செய்யக் கூடாது. 2001இல் அலபாமா முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவியது. புளோரிடா 1994இல் அதைச் செய்திருந்தது.

8. நீதிமன்றத்தில் பழைய வினா

அலபாமாச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர், உரிமம் இன்றி அலங்காரத் தொழில் செய்துவந்த ஒருவர். 2007இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வரையறை பரந்து விரிந்து, பொதுப் பாதுகாப்போடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேலைகளையும் தன்னுள் அடக்கியதே அதற்கு அடிப்படை.

இத்தோல்வியை, அலங்காரம் அற்பமானது என்று நீதிமன்றம் கருதியதாகப் படிப்பது பிழை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தீப்பரவாப் பொருளைத் தேர்வதும், ஒரு வீட்டு வரவேற்பறைக்கு வண்ணம் தேர்வதும் ஒரே உரிமத்துக்குள் வைக்கப்பட்டன. முன்னதற்கு உரிய நியாயத்தைக் கொண்டு பின்னதையும் கைப்பற்ற முயன்றபோது, முன்னதும் கைநழுவியது. தங்களை அலங்கரிப்பாளரிடமிருந்து பிரித்துக்கொள்ள அரை நூற்றாண்டு முயன்றவர்கள், சட்டத்தை எழுதும்போது மட்டும் அலங்காரத்தையும் தங்களுக்கே உரியதாக எழுதிக்கொண்டனர். 1878இல் வீலர் எதிர்கொண்ட தரமா, பிழைப்பா என்ற வினா இங்கே மீண்டும் எழுந்தது. அவர் இரண்டுக்கும் இரண்டு அமைப்புகளை வைத்து விடைகண்டார். சட்டம் ஒன்றை மற்றொன்றால் அடைத்தது.

புளோரிடா 2020இல் கட்டாய உரிமத்தை நீக்கி, விருப்பப் பதிவு முறையை ஏற்படுத்தியது. பதிவு பெற்றவர் கட்டட அனுமதிக்குரிய வரைபடங்களைத் தம் பொறுப்பில் அளிக்கலாம். பதிவு பெறாதவரும் வேலை செய்யலாம். யார் செய்யலாம் என்ற கேள்வி பின்வாங்கி, யார் பொறுப்பேற்கிறார் என்ற கேள்வி முன்வந்தது. இத்தொழில் நெடுங்காலம் தேடிய எல்லைக்கோடு இதுவாகலாம்.

9. இந்தியச் சட்டச் சூழல்

இந்தியாவில் கட்டடக் கலைஞர்கள் சட்டமும், இந்திய உள்ளக வடிவமைப்பாளர் நிறுவனமும் ஒரே ஆண்டில், 1972இல், தோன்றின. சட்டம் கட்டடக் கலைஞருக்கு மட்டுமே. அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு எதைத் தடுக்கிறது என்ற வழக்கில், 2020 மார்ச் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் விடை கூறியது: பதிவு பெறாதவர் ‘கட்டடக் கலைஞர்’ என்ற பெயரைப் பயன்படுத்துவதையே சட்டம் தடுக்கிறது, அவ்வேலையைச் செய்வதையன்று. ஆக, மூத்த தொழிலுக்கே இங்குப் பெயர்ப் பாதுகாப்பு மட்டும்தான். உள்ளக வடிவமைப்பாளருக்கு அதுவும் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பையும் உயிர்ப்பாதுகாப்பையும் விரிவாகப் பேசுகிறது. பெயரைக் காக்கும் சட்டம் இல்லை. பொறுப்பை வரையறுக்கும் விதி உண்டு. எவரும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளக்கூடிய சூழலில், அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் புதிதாகத் தீர்மானிக்கப்பட வேண்டியதாகிறது.

10. முடிவுரை

நான்கு அளவுகோல்களைக் கொண்டு நோக்கினால் பின்வருவன தெளிவாகின்றன. பயிற்சியை இத்தொழில் பெற்றது. அதற்கான குரல் பெண் அலங்கரிப்பாளர் ஒருவரிடமிருந்தே 1895இல் எழுந்தது. விற்பனையைச் சாராத ஊதியத்தை முழுமையாகப் பெறவில்லை. டி வுல்ஃபின் 10 விழுக்காடு தொடங்கி வைத்த சிக்கல், பொருள் வாங்கித் தந்து கழிவு பெறும் ஒவ்வொரு ஏற்பாட்டிலும் இன்றும் தொடர்கிறது. சங்கத்தைப் பெற்றது, ஆனால் அது விற்பனையாளர் நிழலில் பிறந்தது. சட்ட ஏற்பைத் தீப்பாதுகாப்பின் வலுவால் பெற்றது. எல்லை மீறிக் கோரியதால் பெரும்பகுதியை இழந்தது.

பெயரை மாற்றுவதால் மட்டும் ஒரு வேலையின் தகுதி உயர்வதில்லை. அலங்காரம் என்று இகழப்பட்டதற்குள் துணியின் இயல்பு, நிறத்தின் விளைவு, மனிதர் ஓர் அறையில் வாழும் முறை ஆகியவை பற்றிய அறிவு இருந்தது. வடிவமைப்பு என்று போற்றப்பட்டதற்குள் அதே அறிவும், அதனோடு பொதுப் பொறுப்பும் சேர்ந்தன. தமிழில் ‘உள் அலங்காரம்’, ‘உள்ளக வடிவமைப்பு’ ஆகிய இரு சொற்களையும் காத்துக்கொள்ளலாம். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கொள்வதற்காக அன்று. எந்த வேலைக்கு ரசனை போதும், எந்த வேலைக்கு ஒருவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதற்காக.